திருச்சி டு ராமேஸ்வரம் சைக்கிளில்: செட்டிநாட்டுக்குள் எந்த ரோடு, வேன் எங்கே வர வேண்டும்?

மலைக்கோட்டை_மிதி

வணக்கம். நாங்கள் ஏழு பேர், பொங்கல் சமயத்தில் லீவு போட்டுத் திருச்சியிலிருந்து ராமேஸ்வரத்துக்கு சைக்கிளில் போகலாம் என்று இருக்கிறோம். ரேஸ் கிடையாது. காரைக்குடிப் பக்கம் தங்கி வீடுகளைப் பார்த்து, சாப்பிட்டு, நிதானமாகப் போவதுதான் திட்டம். குழுவில் இரண்டு பெண்கள், அறுபதை நெருங்கும் ஒரு பெரியவர், மற்றவர்கள் நடுத்தரம். கூட ஒரு டெம்போ டிராவலர் வருகிறது, டிரைவர் தெரிந்தவர்.

புதுக்கோட்டை வரைக்கும் எங்களுக்குப் பழகிய ரோடு. அதற்குத் தெற்கே திருமயம், காரைக்குடி, தேவகோட்டை என்று நேஷனல் ஹைவேயிலேயே இறங்கிவிடலாமா, இல்லை உள்ரோடுகளில் போகலாமா என்பதில்தான் குழப்பம். மேப்பில் பார்த்தால் செட்டிநாட்டுக்குள் எல்லா ஊருக்கும் எல்லா ஊரிலிருந்தும் ரோடு இருக்கிறது, எது நல்லது எது குண்டும் குழியும் என்று தெரியவில்லை.

இன்னொன்று. என் மச்சான், வேன் எங்களுக்குப் பின்னாலேயே நாலு பக்கமும் லைட்டைச் சிமிட்டிக்கொண்டு வர வேண்டும், அதுதான் பாதுகாப்பு என்கிறார். சரிதானா? ஓட்டிப் பழகியவர்கள் சொல்லுங்கள்.

செக்காலை_செயின்

காரைக்குடிக்காரன், இந்த வட்டாரத்தில் விடியற்காலையில் ஓட்டுகிறவன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஹைவே ஆபத்து, கிராமத்து ரோடு பாதுகாப்பு என்று எல்லோரும் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊரில் அந்தக் கணக்கு அப்படியே செல்லாது. இங்கே ரோடு மூன்று ரகம். முதல் ரகம் நீங்கள் சொல்லும் ஹைவே, அதாவது புதுக்கோட்டை – திருமயம் – காரைக்குடி, அப்புறம் காரைக்குடி – தேவகோட்டை – ராமநாதபுரம். வண்டிகள் வேகமாகத்தான் போகும், ஆனால் வெள்ளைக்கோட்டுக்கு வெளியேயும் பெரும்பாலான இடத்தில் தார் போட்டிருக்கிறார்கள். அந்த ஓரம்தான் உங்களுக்கு உயிர். அதில் ஒற்றை வரிசையில் போனால் பஸ் உங்களைத் தாண்ட எதிர்ப்பக்கம் போகவே வேண்டாம்.

மூன்றாவது ரகம் ஊருக்கு ஊர் இணைக்கும் ஒற்றைத் தார் ரோடு. கானாடுகாத்தானிலிருந்து பள்ளத்தூர் போகிறது, ஆத்தங்குடிப் பக்கம் போகிறது, இந்த மாதிரி. அங்கே மொத்தமே நாலு பைக், ஒரு பால் வண்டி, ஒரு மினி பஸ். வேகம் இல்லாததால் ஆபத்தும் குறைவு.

நடுவில் இருக்கிற இரண்டாவது ரகம்தான் ஆளைச் சாய்ப்பது. இரண்டு பஸ் உரசாமல் போகிற அகலம், தாருக்கு வெளியே அரையடி பள்ளத்தில் செம்மண், பஸ்ஸுக்கு டைமிங் அவசரம், நடுவில் கல் லாரி. மேப்பில் இது மஞ்சளாக, அழகாக, ஹைவேயை விட அமைதியாகத் தெரியும். ஏமாறாதீர்கள். பின்னாலிருந்து ஹாரன் வந்தால் நீங்கள் இறங்க இடம் கிடையாது, மெல்லிய டயரோடு அந்த விளிம்பில் இறங்கினால் விழுவது உறுதி. ஒன்று ஹைவே ஓரத்தில் போங்கள், இல்லாவிட்டால் ஒரேயடியாக உள்ரோட்டுக்குள் போய்விடுங்கள். இடைப்பட்டதில் மட்டும் நாள் முழுக்க மாட்டிக்கொள்ளாதீர்கள்.

டிராவலர்_ஓட்டி

மச்சான் சொன்ன யோசனைக்கு மட்டும் பதில் சொல்கிறேன். நான் சைக்கிள் ஓட்டுகிறவன் இல்லை, சைக்கிள்காரர்களோடு வேன் ஓட்டிப் போகிறவன்.

டிராவலர் உயரமான வண்டி. அது மணிக்கு இருபது கிலோமீட்டரில் ஊர்ந்தால் பின்னால் வருகிற பஸ் டிரைவருக்கு உங்கள் ஏழு பேரில் ஒருவர்கூடத் தெரியாது. அவருக்குத் தெரிவது ஒரு மந்தமான வேன், அவ்வளவுதான். வேனைத் தாண்ட வலது பக்கம் ஏறுவார். ஏறிய பிறகுதான் முன்னால் ஏழு சைக்கிள் வரிசையாகப் போவது கண்ணில் படும். ஒரு வேனைத் தாண்ட எடுத்த கணக்கு அவருக்கு இப்போது பத்தாது. எதிரே லாரி வந்தால் என்ன செய்வார்? இடது பக்கம் ஒடிப்பார். ஒடிக்கிற இடத்தில் இருப்பது நீங்கள்.

வேன் இல்லாமலே இருந்திருந்தால் அந்த பஸ்காரர் ஏழு பேரையும் தூரத்திலிருந்தே பார்த்திருப்பார்.

நாங்கள் செய்வது வேறு. சைக்கிள் கிளம்பியதும் வேன் எட்டு, பத்து கிலோமீட்டர் முன்னால் போய் நின்றுவிடும். கடைசி ஆள் தாண்டியதும் மறுபடி கிளம்பி, எல்லோரையும் தாண்டி, அடுத்த இடத்தில் நிற்கும். தாண்டும்போது ஹாரன் அடிப்பதில்லை, வேகமும் ஏற்றுவதில்லை.

நிற்கிற இடம் முக்கியம். ரோட்டின் இடது பக்கம், நாலு சக்கரமும் தாரை விட்டு இறங்கி, வளைவு முடிந்து நேர் ரோடு ஆரம்பித்த பிறகு. பெட்ரோல் பங்க், கோயில் வாசல், பள்ளிக்கூட மைதானத்து முகப்பு, இதெல்லாம் நல்ல இடம். டீக்கடை எதிர்ப்பக்கம் இருந்தால் அந்த டீ வேண்டாம். களைத்துப்போன ஆள் வேனைப் பார்த்த சந்தோஷத்தில் திரும்பிக்கூடப் பார்க்காமல் ரோட்டைக் கடப்பதைப் பலமுறை பார்த்துப் பயந்திருக்கிறேன். வேனின் கதவும் ரோட்டுப் பக்கம் திறக்கக் கூடாது.

அப்புறம் டிரைவருக்குப் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும். போனில் யார் எங்கே என்று பார்ப்பது, தண்ணீர் பிடித்து வைப்பது, தாண்டிப் போகிறவர்களை எண்ணுவது எல்லாம் அவர் வேலை. டிரைவர் போனைத் தொடக் கூடாது.

மச்சான்தான்_பேசுறேன்

நான்தான் அந்த மச்சான். ஊர் முழுக்க என்னைத் திட்டுகிறது போலிருக்கிறது, சரி.

ஆனால் இதைச் சும்மா சொல்லவில்லை. அமெரிக்காவைக் குறுக்கே கடக்கிற ரேஸ் அக்ராஸ் அமெரிக்கா போட்டியில் ராத்திரி நேரத்தில் வண்டி சைக்கிளுக்குப் பின்னாலேயேதான் வர வேண்டும், தன் ஹெட்லைட் வெளிச்சத்துக்குள்ளேயே சைக்கிள்காரரை வைத்திருக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. பாதுகாப்பு இல்லை என்றால் அப்படி ஏன் வைத்தார்கள்? அதுவும் போக, வேன் பத்து கிலோமீட்டர் முன்னால் நின்றால், பின்னால் ஒரு ஆள் விழுந்து கிடந்தால் யாருக்குத் தெரியும்? குழுவில் என் அக்காவும் வருகிறாள், அதனால்தான் கேட்கிறேன்.

இரவு_ராண்டோ

மச்சான், கேள்வி நியாயமான கேள்விதான். ஆனால் அந்தப் போட்டியில் ஒரு வண்டிக்கு முன்னால் போவது ஒரே ஒரு ஆள். வண்டிக்குப் பின்னால் எச்சரிக்கைப் பலகையும் மஞ்சள் விளக்கும் உண்டு, வேலையே அதுதான் என்று இருக்கிற குழு உள்ளே உட்கார்ந்திருக்கும். அங்கேகூடப் பகல் நேரத்துக்கு இந்தக் கட்டாயம் இல்லை. ஏழு பேர் சிதறிப் போகிற குழுவுக்கு ஒரு வேன் பின்னால் வருவது அதோடு ஒப்பிடவே முடியாத விஷயம். வேன் யாருக்குப் பின்னால் வரும்? கடைசி ஆளுக்குப் பின்னால் என்றால் முதல் ஆள் இரண்டு கிலோமீட்டர் முன்னால் தனியாகப் போய்க்கொண்டிருப்பார்.

நான் ஓட்டுவது ப்ரெவே, அதாவது ரேஸாக இல்லாமல் நீண்ட தூரத்தைக் குறித்த நேரத்துக்குள் முடிக்கிற சைக்கிள் ஓட்டம். 200 கிலோமீட்டரை பதின்மூன்றரை மணி நேரத்தில், 300 என்றால் 20 மணி நேரத்தில் முடிக்க வேண்டும். அதில் உதவி வண்டி கண்ட்ரோல் என்கிற குறிப்பிட்ட இடங்களில் மட்டும்தான் நம்மைச் சந்திக்கலாம். வழியில் கூடவே வந்தால் தண்டனை. அந்த விதி வந்தது அவரவர் சொந்தக் காலில் ஓட்ட வேண்டும் என்பதற்காகத்தான், ஆனால் ரோட்டில் அதனால் கிடைக்கிற நிம்மதியை அனுபவத்தில் பார்த்திருக்கிறேன்.

விழுந்தால் என்ன செய்வது என்கிறீர்கள். அதற்கு வேன் தேவையில்லை, ஜோடி தேவை. ஏழு பேரை நாலு, மூன்று என்று இரண்டாகப் பிரியுங்கள். இரண்டு கும்பலுக்கும் நடுவில் ஒரு பஸ் வந்து நுழைந்து நிற்கிற அளவுக்காவது இடைவெளி விடுங்கள். அப்போது முந்துகிறவர் ஏழு பேரையும் ஒரே மூச்சில் தாண்ட வேண்டியதில்லை, நடுவில் ஒதுங்கிக்கொள்வார். ஒவ்வொரு கும்பலிலும் மெதுவான ஆள் முன்னால், அனுபவசாலி கடைசியில். யாரும் யாரையும் தனியாக விடக் கூடாது. எல்லோர் போனிலும் வாட்ஸ்அப்பில் லைவ் லொகேஷன் போட்டுவிட்டால் வேனில் இருப்பவர் பார்த்துக்கொள்வார்.

ராத்திரிக்கு என் பதில்: ஓட்டாதீர்கள். ஜனவரியில் விடியவே ஆறரை மணி ஆகும், சாயங்காலம் ஆறே காலுக்கெல்லாம் வெளிச்சம் போய்விடும். நாலரை மணிக்குள் தங்கும் இடம் வந்துவிடுகிற மாதிரி தூரத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஏதோ காரணத்தால் இருட்டிவிட்டால் சைக்கிளை வேன் மேல் ஏற்றிவிடுங்கள். வேன் எதற்கு இருக்கிறது? பின்சிவப்பு விளக்கைப் பகலிலும் போட்டே வைத்திருங்கள்.

மச்சான்தான்_பேசுறேன்

நாலு, மூன்று என்று பிரிப்பது சரி. இருந்தாலும் பங்கு போட்ட பிறகு ஒரு வேன் இரண்டு கும்பலுக்கும் எப்படிப் போதும் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

டிராவலர்_ஓட்டி

போதும். இரண்டு கும்பலும் தாண்டிய பிறகுதான் வேன் கிளம்பும். நடுவில் பத்து நிமிஷம் வித்தியாசம் இருந்தால் என்ன, டிரைவர் ஒரு டீ அதிகம் குடிப்பார்.

ஆனால் ஒன்று, பஞ்சர் சாமானை எல்லாம் வேனில் போட்டுவிட்டு வெறும் கையோடு ஓட்டுகிறவர்கள் உண்டு. அது ஆகாது. டியூப் ஒன்று, பம்ப், லீவர் அவரவரிடம் இருக்க வேண்டும். தண்ணீரும்.

ஆத்தங்குடி_ஆச்சி

பஞ்சர் என்றதும் வந்துவிட்டேன். தம்பி, எங்கள் பக்கம் உங்களுக்கு முதல் எதிரி லாரி இல்லை, சீமைக்கருவேலம். ரோட்டோரம் வெட்டிப் போடுவார்கள், விறகை எடுத்துப் போய்விடுவார்கள், முள் மட்டும் தாரிலேயே கிடக்கும். காய்ந்த முள் சைக்கிள் டயரில் ஊசி இறங்குகிற மாதிரி இறங்கும், அப்போதே காற்றுப் போகாமல் அரை மணி கழித்துப் போகும். நிழலுக்கு ஒதுங்குகிறேன் என்று தாரை விட்டு சைக்கிளை உருட்டிக்கொண்டு இறங்காதீர்கள், தூக்கிக்கொண்டு இறங்குங்கள். டயர் 32 மில்லிமீட்டராவது இருக்கட்டும். டியூப்லெஸ் என்றால் உள்ளே அந்தப் பால் மாதிரி திரவம் புதிதாக ஊற்றி எடுத்து வாருங்கள். பஞ்சர் ஒட்டியதும் டயரின் உள்பக்கம் விரலை வைத்துத் தடவிப் பார்க்க வேண்டும், முள் நுனி உள்ளேயே இருந்தால் புது டியூபும் போகும்.

பாதை கேட்டீர்கள். திருமயம் கோட்டையைத் தாண்டி ஹைவே ஓரத்திலேயே கானாடுகாத்தான் பிரிவு வரைக்கும் வாருங்கள். அங்கே உள்ளே திரும்பிவிட்டால் கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், காரைக்குடி என்று முழுக்க வீடும் ஊரணியுமாகவே வரலாம். தெருக்கள் நேர்கோடு போட்டது போல அகலமாக இருக்கும், ஒரு வீட்டின் முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். ஊருக்குள் நாய் உண்டு. துரத்தினால் வேகமாக மிதிக்காதீர்கள், நிறுத்தி இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு அதட்டினால் போய்விடும்.

கண்மாய்க் கரை மேல் போகிற ரோடு வந்தால் கவனம். இரண்டு பக்கமும் சரிவு, தடுப்பு இருக்காது, மடை இருக்கிற இடத்தில் திடீரென்று ஒரு மேடு வரும். கருவேலக் கிளை ஆள் முகத்து உயரத்துக்கு ரோட்டுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். காரில் போகிறவர்களுக்கு அது தெரியாது, சைக்கிளில் போகிற உங்களுக்குக் கண்ணில் குத்தும். கண்ணாடி போடாமல் வராதீர்கள்.

பெண்கள் வருகிறார்கள் என்றீர்களே, அதையும் சொல்லிவிடுகிறேன், ஆண்கள் யாரும் கேட்க மாட்டார்கள். வேன் நிற்கும் இடத்தை முடிவு செய்யும்போது கழிப்பறை இருக்கிற பெட்ரோல் பங்க், கோயில், பெரிய ஓட்டல் என்று பார்த்து முடிவு செய்யுங்கள். உள்ரோட்டில் அது கிடைக்காது. இடம் இல்லை என்று தண்ணீர் குடிக்காமல் ஓட்டுவார்கள், மதியம் தலைசுற்றி விழுவார்கள்.

மலைக்கோட்டை_மிதி

ஆச்சி, கடைசியாகச் சொன்னது எங்கள் யாருக்கும் தோன்றவே இல்லை. வேன் நிறுத்தங்களை அந்த இரண்டு பேரும்தான் முடிவு செய்யப் போகிறார்கள்.

கோட்டையூரிலிருந்து புதுவயல், கண்டனூர் எல்லாம் ஒரு சுற்று சுற்றலாமா? அங்கேயும் பெரிய வீடுகள் இருக்கின்றன என்று படித்தேன்.

புதுவயல்_பம்ப்

வாங்க, ஆனால் சைக்கிளில் கண்டனூரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். புதுவயல் அரிசி ஆலை ஊர். நெல் லாரி, அரிசி லாரி, தவிட்டு லாரி எந்நேரமும் ரோட்டில் நிற்கும், பின்பக்கமாக எடுப்பார்கள். உமி பறந்து கண்ணில் விழும், ரோட்டில் சிந்திய நெல் மேல் பிரேக் பிடித்தால் வழுக்கும். வேனில் ஏறி வந்து பார்த்துவிட்டுப் போங்கள். மதியம் சாப்பாட்டு நேரத்தில் லாரி கொஞ்சம் அடங்கியிருக்கும்.

அதே நெல் விஷயம் எல்லா உள்ரோட்டுக்கும் பொருந்தும். நீங்கள் வருவது அறுவடை நேரம். ரோட்டில் பாதி அகலத்துக்கு நெல்லோ வைக்கோலோ காயப் போட்டிருப்பார்கள், ஓரத்தில் கல் வரிசை வைத்திருப்பார்கள். அந்தக் கல் தூரத்திலிருந்து தெரியாது.

தை_மூணு

பொங்கல் சமயம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சமயத்தில் எந்த நாள் என்பதைப் பொறுத்து நீங்கள் கேட்ட ரோடே மாறிவிடும்.

தை 3 அன்று சிராவயல் மஞ்சுவிரட்டு. காரைக்குடி – திருப்பத்தூர் ரோட்டுப் பக்கம் போகவே கூடாது. மாடு தொழுவத்தில் மட்டும் இருக்காது, பொட்டலில் கட்டவிழ்த்து விடுவார்கள், வயல், ரோடு என்று எங்கும் ஓடி வரும். மாடு ஏற்றிய வண்டிகள், பைக்கில் மூன்று பேர், போலீஸ் தடுப்பு, எல்லாம் ஒரே நேரத்தில். பார்க்க ஆசை இருந்தால் சைக்கிளைக் காரைக்குடியில் பூட்டி வைத்துவிட்டுப் போங்கள்.

அப்புறம் தைப்பூசம். பூசத்துக்கு முந்தைய நாட்களில் பழனிக்கு நடப்பவர்கள் ரோட்டோரத்தை நிறைத்திருப்பார்கள். நகரத்தார் காவடி குன்றக்குடியிலிருந்து கிளம்பி சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் போகும், அதற்கு முன்னும் பின்னும் நாலா பக்க ஊர்களிலிருந்தும் ஜனம். அவர்கள் நடப்பது நீங்கள் ஓட்ட நினைக்கும் அதே தார் ஓரத்தில். விடியலுக்கு முன்னால் இருட்டில் நடப்பார்கள், செருப்பு இருக்காது, பாதிப் பேர் தூக்கக் கலக்கம். அவர்களைத் தாண்ட நீங்கள் வெள்ளைக்கோட்டுக்குள் ஏற வேண்டியிருக்கும், பின்னால் பஸ். உங்கள் பாதை வடக்கே இருந்து தெற்கே போவதால் முழு நாளும் அவர்களோடு போக மாட்டீர்கள், ஆனால் பிள்ளையார்பட்டி, குன்றக்குடி போகிற அரை நாள் திட்டம் இருந்தால் காலண்டரைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

செக்காலை_செயின்

தை_மூணு சொன்னதை வழிமொழிகிறேன். குன்றக்குடி, பிள்ளையார்பட்டி போக மேலூர் – காரைக்குடி நான்குவழிச் சாலையில் ஏறாதீர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அகலம் என்னவோ தாராளம், ஆனால் நடுத்திட்டு இடைவெளி தூரத்தில் இருப்பதால் ஊர்க்காரர்கள் பைக்கில் உங்கள் ஓரத்திலேயே எதிரே வருவார்கள். தப்பு என்று சொல்லி யாரும் திருந்தப் போவதில்லை. அவர் இடது பக்கம் ஒதுங்குவாரா வலது பக்கம் ஒதுங்குவாரா என்று உங்களுக்குத் தெரியாது, அவருக்கும் தெரியாது. நின்றுவிடுங்கள், அவர் போகட்டும்.

ஹைவேயில் இன்னொரு தொல்லை, புதுக்கோட்டை, திருமயம் பக்கத்துக் கிரஷர்களிலிருந்து ஜல்லி ஏற்றி வரும் டிப்பர்கள். தார்ப்பாய் போடாமல் வந்தால் ஜல்லி எல்லாம் அந்தத் தார் ஓரத்தில்தான் கொட்டிக் கிடக்கும். முன்னால் போகிறவர் கையைக் கீழே நீட்டிக் காட்ட வேண்டும், சத்தம் போட்டால் காற்றில் கேட்காது.

வரைபடக்_கிறுக்கன்

எல்லோரும் ரோட்டைச் சொல்கிறார்கள், கண்டுபிடிக்கும் வழியை யாரும் சொல்லவில்லை. நான் செய்வது இது.

முதலில் சேட்டிலைட் படத்தை நன்றாகப் பெரிதாக்கிப் பார்ப்பேன். தார் ஓரம் இருக்கிறதா, மரம் மூடியிருக்கிறதா, கண்மாய்க் கரையா என்பது அதிலேயே தெரிந்துவிடும். எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகள் ஒரே இடத்தில் படத்தில் பதிவாகியிருந்தால் அவற்றுக்கு வெளியே எவ்வளவு இடம் மீதி இருக்கிறது என்று பாருங்கள். அடுத்து ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். அதில் சில ரோடுகளுக்கு மேல்பரப்பு தாரா மண்ணா என்று யாராவது குறித்திருப்பார்கள், எல்லாவற்றுக்கும் இருக்காது. ஸ்ட்ராவா ஹீட்மேப் என்று ஒன்று, அந்த ஆப்பில் பதிவான சைக்கிள் பயணம் அதிகமாக இருக்கிற ரோடு அதில் பளிச்சென்று ஒளிரும். பெங்களூருக்கும் சென்னைக்கும் பிரமாதம். செட்டிநாட்டில் சைக்கிள் ஓட்டிப் பதிவு செய்கிறவர்கள் குறைவு என்பதால் ஹைவே மட்டும்தான் பளிச்சென்று இருக்கும். ஒளி இல்லாத ரோடு மோசமான ரோடு என்று அர்த்தமில்லை, யாரும் போகவில்லை என்று மட்டும்தான் அர்த்தம்.

அப்புறம் வேன் இருப்பதால் ஒரு கூடுதல் கேள்வி, இந்த உள்ரோட்டில் டிராவலர் போகுமா, திரும்புமா? இதற்கு மேப் உதவாது. டீக்கடையில் கேட்க வேண்டும், கேட்கும்போதும் ரோடு நல்லா இருக்கா என்று கேட்காதீர்கள், எல்லோரும் சூப்பர் ரோடு என்பார்கள். மினி பஸ் இந்த வழியாகப் போகுதா என்று கேளுங்கள். மினி பஸ் போனால் டிராவலர் போகும். போகாது என்றால் வேனை ஹைவே வழியாக அடுத்த ஊருக்கு அனுப்பிவிட்டு நீங்கள் மட்டும் உள்ளே போங்கள். சந்திக்கும் இடத்தை ஊர்ப் பெயராகச் சொல்லாமல் கோயில், பங்க் என்று புள்ளி வைத்து அனுப்புங்கள், எங்கள் பக்கம் ஒரே பெயரில் இரண்டு மூன்று ஊர் இருக்கும்.

காரைக்குடியைச் சுற்றி ரயில்வே கேட்டுகள் வேறு. திருச்சி லைன், திருவாரூர் லைன், மானாமதுரை லைன் எல்லாம் இங்கேதான் சேர்கின்றன. தண்டவாளம் ரோட்டைச் சாய்வாக வெட்டுகிற இடத்தில் சக்கரத்தை நேராகத் திருப்பிக் கடக்க வேண்டும், இல்லை என்றால் டயர் அந்தப் பள்ளத்தில் மாட்டும். கேட் திறந்ததும் பைக் கும்பலோடு முண்டாமல் அவர்கள் போன பிறகு போங்கள்.

ஒன்_நாட்_எய்ட்

சுருக்கமாக. எல்லோர் போனிலும் 108, ஹைவேயில் உதவிக்கு 1033. தமிழ்நாடு அரசின் இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48 திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது. விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேர சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரியிலும் கட்டணமில்லாமல் கிடைக்கும், செலவுக்கு ஒரு உச்சவரம்பு உண்டு. வெளிமாநிலத்துக்காரருக்கும் பொருந்தும். வழியில் அந்தப் பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரிகள் எவை என்று கிளம்பும் முன்பே பார்த்துக் குறித்துக்கொள்வது வேனில் உட்காருகிற ஆளின் வேலை. ரத்த வகை, மாத்திரை ஒவ்வாமை, வீட்டு போன் நம்பர் எழுதிய அட்டை ஹெல்மெட்டுக்குள்.

மலைக்கோட்டை_மிதி

எல்லோருக்கும் நன்றி. இப்போதைக்கு முடிவு இது: தை 3 முடிந்து ஒரு நாள் விட்டுக் கிளம்புகிறோம், ஹைவேயில் கானாடுகாத்தான் பிரிவு வரை தார் ஓரத்தில், உள்ளே பள்ளத்தூர், கோட்டையூர் வழி காரைக்குடி. வேன் முன்னால். நாலு, மூன்று பிரிவு. மச்சான் வேனில் உட்கார்ந்து எண்ணுகிற ஆள்.

தேவகோட்டைக்குத் தெற்கே எப்படி?

மச்சான்தான்_பேசுறேன்

இந்தப் பதவியை நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

தேவகோட்டை_டயர்

காரைக்குடியிலிருந்து தேவகோட்டை வரை விடிந்ததும் கிளம்பி ஏழரைக்குள் கடந்துவிடுங்கள், எட்டு மணிக்கு மேல் ஸ்கூல் பஸ், காலேஜ் பஸ் எல்லாம் இறங்கிவிடும். தேவகோட்டைக்குத் தெற்கே உள்ரோடு தேடாதீர்கள், ஹைவேயிலேயே போங்கள். ஊர் குறைவு, வண்டியும் குறைவு, தேவிபட்டினம் வழியாக நேரே ராமநாதபுரம். பிரச்சினை வெயில்தான். மரம் கிடையாது, கடையும் தூரம் தூரமாகத்தான். வேன் இங்கே ஐந்து கிலோமீட்டருக்கு ஒருமுறை நின்றால் நல்லது, வேன் நிழல்தான் நிழல். ஆர்.எஸ்.மங்கலம் கண்மாய் வழியில் வரும். நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை என்பார்களே, அதுதான். ஜனவரியில் தண்ணீர் இருந்தால் நின்று பார்க்கலாம். காற்று அந்த மாதத்தில் வடகிழக்கிலிருந்து வரும், பெரும்பாலும் இடது முதுகில் தள்ளும், உங்களுக்கு லாபம்.

ராமநாதபுரம் தாண்டி ராமேஸ்வரம் திரும்பியதும் அதே காற்று பக்கவாட்டிலும் எதிரிலும் அடிக்கும். பாம்பன் பாலத்தில் புது ரயில் பாலத்தைப் பார்க்க எல்லோரும் காரை நிறுத்திக் கதவைத் திறப்பார்கள். வேனைப் பாலத்தின் மேல் நிறுத்தவே கூடாது, தாண்டிப் போய் அக்கரையில் நிற்கட்டும். கார் கதவுக்கு ஒரு கை தூரம் விட்டு ஓட்டுங்கள், காற்று தள்ளினால் இறங்கி உருட்டலாம், வெட்கமில்லை.

டிராவலர்_ஓட்டி

கானாடுகாத்தானில் உங்கள் வேனை எங்கே போடுவது என்று கேட்க வேண்டும். அரண்மனை வாசலில் டூரிஸ்ட் பஸ் நிற்கும், உள்ளே போனால் திருப்ப முடியாது என்று கேள்விப்பட்டேன்.

ஆத்தங்குடி_ஆச்சி

அரண்மனைத் தெருவுக்குள் விடவே வேண்டாம். ஊருக்குள் நுழைந்ததும் ஊரணிக் கரைப் பக்கம் இடம் கிடைக்கும், அங்கே போட்டுவிட்டு டிரைவரைச் சாப்பிட அனுப்புங்கள். சைக்கிள்காரர்கள் தெருத் தெருவாகச் சுற்றிவிட்டு அங்கேயே வந்து சேரலாம். காலைச் சாப்பாடு வேண்டும் என்றால் முதல் நாளே சொல்லி வைக்க வேண்டும், பெரிய வீடுகளில் நினைத்த நேரத்துக்குப் போய் இலை போடச் சொல்ல முடியாது. மச்சானுக்கும் சேர்த்து எட்டு இலை, டிரைவரோடு ஒன்பது என்று சொல்லுங்கள்.

மச்சான்தான்_பேசுறேன்

சரி ஆச்சி, எண்ணுகிறேன்.